மூன்று முழ வேலி

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவரைக் காட்டி "இவரு நம்ம பங்காளிங்க" என்று சொன்னால் அதில் உறவும் இருக்கும், கொஞ்சம் எச்சரிக்கையும் இருக்கும். பங்கு உடையவன் பங்காளி. சாவு விழுந்தால் சேர்ந்து தீட்டுக் காப்பவன். வரப்பை அரை அடி தள்ளி வெட்டிவிட்டால் அருவாளோடு வருபவனும் அவன்தான். மாமன் மச்சானோடு யாரும் இப்படிச் சண்டை போடுவதில்லை. பிரிப்பதற்கு ஒன்று பொதுவாக இருந்தால்தானே பங்காளிக் காய்ச்சல் வரும்!

நான் படித்தது தமிழ் இலக்கியம். பார்ப்பது வங்கியில் கடன் பிரிவு வேலை. பத்தொன்பது வருடமாக நாள் தவறாமல் யாருடைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையாவது வாசித்துக்கொண்டிருக்கிறேன். தொல்காப்பியத்தைக்கூட இத்தனை முறை வாசித்திருக்க மாட்டேன். பத்திரத் தமிழுக்கென்று ஓர் அழகு உண்டு. ஒரு நிலம் எப்படிப்பட்டது, மண் கருப்பா செவலையா, என்ன விளையும் என்றெல்லாம் அதில் இருக்காது. இன்னார் பூமிக்குத் தெற்கு, இன்னார் பூமிக்கு வடக்கு, வண்டித்தடத்துக்கு மேற்கு, ஓடைக்குக் கிழக்கு, இதன் மத்தியில் இத்தனை ஏக்கர் என்றுதான் இருக்கும். நிலத்துக்குப் பக்கத்தில் யார் என்பதுதான் அந்த நிலத்தின் அடையாளம். நான்கு பக்கமும் ஆளில்லாத நிலத்தைப் பத்திரத்தில் எழுதவே முடியாது.

எங்கள் குடும்பப் பத்திரம் 1991-இல் எழுதியது. ஊர் தாராபுரத்துக்கு மேற்கே. அப்பாரு, அதாவது தாத்தா, இறந்து ஒரு வருடம் கழித்து, பெரியப்பா, அப்பா, இரண்டு சித்தப்பாக்கள் நாலு பேரும் பிரித்துக்கொண்டார்கள். மொத்தம் 18 ஏக்கர் 40 சென்ட். பாதி தோட்டம், மீதி கொறங்காடு. கொறங்காடு தெரியாதவர்களுக்கு: கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக நிற்கும் மேய்ச்சல் காடு, சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காட்டில்தான்.

பிரிக்கிற முறை எனக்கு இன்றைக்கும் பிடித்தது. பெரியப்பா நாலு பங்காக வைப்பார். கடைசிச் சித்தப்பா முதலில் எடுப்பார். அப்புறம் அடுத்தவர், அடுத்தவர். மிஞ்சியது பெரியப்பாவுக்கு. வைக்கிறவருக்குத்தான் கடைசிப் பங்கு என்பதால் அவர் ராத்திரி தூக்கமில்லாமல் காட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தார் என்று ஆத்தா சொல்லும். எந்தச் சட்டமும் ஒரு மனிதனை இவ்வளவு நேர்மையாக இருக்க வைத்ததில்லை.

கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் நேரத்தைப் பிரித்தார்கள். காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை ஒருவர் முறை. 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும், மோட்டார் பம்புசெட்டில் நாலில் ஒரு பங்கும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும்' என்று பத்திரத்தில் இருக்கிறது. பாத்தியம் என்றால் உரிமை. பெரியப்பாவின் பங்குக்கும் எங்கள் பங்குக்கும் நடுவில் இருந்த கிளுவை வேலி மட்டும் 'பொதுவில்'. மூன்று முழம் அகலம். யார் ஏக்கரிலும் சேரவில்லை.

அந்த வேலியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் தொல்காப்பியத்தின் அகத்திணையியலை எங்களுக்கு நடத்தியபோது இரண்டாவது நூற்பாவில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். 'நடுவண் ஐந்திணை நடுவணது ஒழியப் படுதிரை வையம் பாத்திய பண்பே.' பாத்திய என்றால் பகுத்த. நடுவில் உள்ள பாலையை நீக்கிவிட்டு மற்ற நான்கும் கடல் சூழ்ந்த உலகத்தைப் பகுத்தவை. எனக்கு உடனே கண்ணில் வந்தது ஆத்தா கட்டுகிற வெங்காயப் பாத்தி. அதே பகு, அதே பாத்து. உலகத்துக்கே பாத்தி கட்டியிருக்கிறார்கள்! காடு, மலை, வயல், கடற்கரை என்று நாலு பாத்தி. பாலைக்குத் தனியாக நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. சித்திரை மாதம் எங்கள் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு அதற்கு உரை தேவையில்லை.

பாத்து என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. குறளில் 'பாத்தூண்' வருகிறது, பகுத்து உண்ணும் சோறு. நம் மொழியில் வெட்டிப் பிரிப்பதற்கும் கொடுத்து உண்பதற்கும் ஒரே வேர். பங்கு போட்டார்கள் என்றால் சொத்தைப் பிரித்தார்கள் என்றும் கொள்ளலாம், கறியைப் பகிர்ந்தார்கள் என்றும் கொள்ளலாம். பத்திரம் படிக்கிறபோதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். இந்தக் குடும்பம் எந்தப் பொருளில் பங்கு போட்டிருக்கிறது என்று பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பேன். வண்டித்தடப் பாத்தியம் எழுதாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் விவகாரம்தான்.

தொல்காப்பியரின் பாத்தியில் வரப்பு இறுக்கமானதில்லை. 'உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே' என்கிறார். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற உணர்ச்சி அதன் இடத்தில் இருக்கட்டும், மற்றவை ஒன்றோடொன்று கலக்கலாம். குறிஞ்சிப் பாட்டில் வயல் பறவை வரலாம், நெய்தலில் மருதத்து எருமை இறங்கலாம். வரப்பு உண்டு, வரப்பின்மேல் நடக்கவும் வழி உண்டு.

அதைவிட எனக்கு வியப்பு, போரையும் இதே பாத்தியில் நட்டதுதான். வெட்சி குறிஞ்சிக்குப் புறன், வஞ்சி முல்லைக்கு, உழிஞை மருதத்துக்கு, தும்பை நெய்தலுக்கு, வாகை பாலைக்கு. ராத்திரி யாருக்கும் தெரியாமல் சந்திக்கும் களவுக் காதலின் மறுபக்கம், ராத்திரி யாருக்கும் தெரியாமல் மாடு கவர்வது. கோபத்தில் மனைவி கதவை அடைத்துக்கொள்ள கணவன் வாசலில் நிற்கும் மருதத்தின் மறுபக்கம், அடைத்த கோட்டையை வெளியே ஒருவன் முற்றி நிற்கும் உழிஞை. வீட்டுக்குள் நடப்பதும் போர்க்களத்தில் நடப்பதும் ஒரே துணியின் இரண்டு பக்கம். பங்காளிகள் நடுவே வளர்ந்தவளுக்கு இது ஒன்றும் புதுச் செய்தியில்லை.

புறநானூற்று 45-ஆம் பாட்டு அப்படி ஒரு பங்காளிச் சண்டைதான். உறையூருக்குள் நெடுங்கிள்ளி அடைத்துக்கொண்டிருக்கிறான். வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். இரண்டு பேரும் சோழர்கள். நடுவில் கோவூர்கிழார் வந்து நிற்கிறார். எதிரே இருப்பவன் பனந்தோடு சூடிய சேரன் இல்லை, வேப்பந்தார் போட்ட பாண்டியனும் இல்லை. உன் தலையிலும் ஆத்தி, உன்னோடு மோதுகிறவன் தலையிலும் ஆத்தி. ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இருவரும் ஜெயிப்பது நடக்கிற காரியமில்லை. இவ்வளவுதான் பாட்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்கிற குரல் அப்படியே கேட்கும். நெடுங்கிள்ளியை ஏடுகள் 'காரியாற்றுத் துஞ்சிய' என்று அடை கொடுத்துச் சொல்கின்றன. காரியாறு என்ற இடத்தில் இறந்த என்று பொருள். பஞ்சாயத்து பேசியவர் நல்லவராக இருந்தும் பங்காளிச் சண்டை ஓயாததை நானும் பார்த்திருக்கிறேன்.

இந்த அழகான பாத்திகளுக்குள் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. அதே அகத்திணையியலில் 'அடியோர் பாங்கினும் வினைவலர் பாங்கினும் கடிவரை இல புறத்து' என்று ஒரு நூற்பா. அடிமைகளும் ஏவல் செய்கிறவர்களும் பாட்டில் வரலாம், ஐந்திணைக்குப் புறத்தே. ஒருதலைக் காதலான கைக்கிளையில், பொருந்தாக் காதலான பெருந்திணையில். காதலிக்கலாம், ஆனால் அன்பின் ஐந்திணையில் அவர்களுக்குப் பட்டா கிடையாது. வகுப்பில் இதை இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டோம். எனக்கு அன்று ராத்திரி முழுக்க எங்கள் தோட்டத்து ஆட்கள்தான் நினைவில்.

அப்பாரு காலத்திலிருந்து ஓர் அருந்ததியர் குடும்பம் எங்கள் பண்ணையத்தில் வேலை செய்தது. அண்ணனும் தம்பியும். பாகப்பிரிவினை நடந்த வாரம், திண்ணையில் உட்கார்ந்து அவர்களையும் பிரித்தார்கள். மூத்தவர் பெரியப்பா பக்கம், இளையவர் சித்தப்பா பக்கம். பத்திரத்தில் அது இல்லை. யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. படலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற சொம்பு வேலி ஓரக் கம்பத்தில் கவிழ்த்து வைத்திருக்கும், அது அங்கேதான் இருக்கும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் தலித் மக்களைத் தடுத்து எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடித்தபோது வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு "அட, சுவரா கட்டினாங்க?" என்று ஆச்சரியப்பட்டார்கள். எங்கள் ஊரில் அதற்குச் செங்கல் தேவைப்படவில்லை.

அத்தைகள் இருவரும் அன்றைக்கு வந்திருந்தார்கள். பங்காளி என்ற சொல்லை எங்கள் ஊரில் ஒரு பெண்ணைக் குறிக்க யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. 2005-இல் நாடு முழுமைக்குமாக வந்த திருத்தத்தில்தான் அந்த நிபந்தனை போனது. எப்படியும் அப்பாருவின் சொந்தப் பங்கில் அத்தைகளுக்கு உரிமை இருந்தது. அதை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் ஆளுக்கொரு கையெழுத்து. பட்டுச் சேலை, ஒரு பவுன். சின்ன அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயட்டும் என்று விரலைக் காட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கைநாட்டு வைத்தது பெரிய அத்தைதான் என்றும் சின்ன அத்தைக்கு எழுதத் தெரியும் என்றும் அப்புறம் அம்மா சொன்னார். அப்படியென்றால் எந்த மை காய்ந்தது? தெரியவில்லை. ஆனால் அந்த விரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சரி, கிணற்றுக்கு வருகிறேன். முறை வைத்து இறைத்தது பத்துப் பன்னிரண்டு வருடம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் சிக்கல். உன் முறையில் ராத்திரி முழுக்கக் கரண்ட், என் முறையில் இல்லை. சித்தப்பா ஒருவர் தன் பங்கில் போர் போட்டார். 600 அடி. அவர் நிலம், அவர் பணம், யார் கேட்பது? இரண்டு கோடையில் பொதுக் கிணறு வற்றியது. புலப்படத்தில் 112/2ஏ, 2பி, 2சி, 2டி என்று நேர்கோட்டில் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கோடு மண்ணுக்கு அடியில் போகவில்லை.

தண்ணீர் மேல் கோடு போட்ட பெரிய கதை பஞ்சாபில் இருக்கிறது. 1947 ஜூலை 8-ஆம் தேதி டெல்லி வந்த சிரில் ராட்கிளிஃப், அதற்குமுன் இந்தியாவுக்கே வந்திராத ஆங்கிலேய வழக்கறிஞர். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே எல்லைக் கோடு போட அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். கோடு வெளியானது ஆகஸ்ட் 17, அதாவது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து. மாதோபூரிலும் ஃபெரோஸ்பூரிலும் இருந்த தலைமதகுகள் இந்தியா பக்கம் வந்தன, அவற்றிலிருந்து தண்ணீர் குடித்த வாய்க்கால்களும் வயல்களும் பாகிஸ்தான் பக்கம் போயின. அடுத்த வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியப் பக்கம் தண்ணீரை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் வண்டித்தடப் பாத்தியம் எழுதிய வெண்டர்கூட இதை முன்னாடியே கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

1960-இல் உலக வங்கி நடுவில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை என்று வைக்க அங்கே நம்பிக்கை மிச்சமில்லை. அதனால் ஆறுகளையே பிரித்தார்கள். ரவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1965, 1971, 1999 என்று சண்டை வந்தும் அந்த ஒப்பந்தம் நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. செய்தியைப் படித்த அன்று அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அப்ப அவங்களும் போர் போடுவாங்களா?"

வேலி. இரண்டு சமாச்சாரம் சொல்லிவிட்டு வேலிக்கு வந்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். உயரத்தில், குளிர்ந்த சோலைக்காட்டுத் தரையில் தத்தித் திரியும் நீலக் குருவி ஒன்று இரண்டு பக்கமும் உண்டு. அந்தக் குருவியால் இந்தச் சூடான சமவெளியில் இறங்கிக் கடக்க முடியவில்லை. வடக்கே இருப்பதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு, தெற்கே இருப்பதற்கு வெண்வயிறு. ஒரு காலத்தில் ஒரே இனம் என்று நினைத்தார்கள், இப்போது இரண்டு இனம். 2017-இல் அவற்றுக்கென்று தனிப் பேரினமே வைத்து ஷோலிகோலா என்று பெயரிட்டார்கள். சோலை என்ற நம் சொல் அதற்குள் இருக்கிறது. பிரிவு என்றால் எல்லாமே குறைவதில்லை, ஒன்று இரண்டாகவும் ஆகிறது. ஆனால் அதற்கு ஆன காலம் லட்சக்கணக்கான வருடங்கள். ஐந்து வாரத்தில் அப்படி நடக்காது.

இன்னொன்று கொரியா. 1953 ஜூலை 27 அன்று போரை நிறுத்தியபோது, சண்டைக் கோட்டிலிருந்து இரு தரப்பும் ஆளுக்கு 2 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆக நடுவில் 4 கிலோமீட்டர் அகலம், ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளம், யாரும் குடியில்லாத நிலம். மண்ணுக்குள் கண்ணிவெடி. மேலே காடும் சதுப்பும் வளர்ந்துவிட்டன. குளிர்காலத்தில் உச்சந்தலை சிவந்த, அருகிய கொக்குகள் அந்தப் பக்கம் வந்து இறங்குகின்றன. சமாதானத்தால் கிடைத்த இடமில்லை அது, பயத்தால் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கோட்டுக்கு அகலம் இருக்கிறது. கொக்குக்கு அது போதும்.

கிளுவை வேலிக்கும் அகலம் இருக்கிறது. கொம்பை வெட்டி ஊன்றினால் துளிர்க்கும், முள்ளும் சேர்ந்து அடர்ந்துவிடும். எங்கள் பொது வேலியில் பிரண்டை படர்ந்திருந்தது. கோவைக்கொடி, தூதுவளை, முடக்கத்தான். கீழே கீரியும் கவுதாரியும். ஒரு முறை நல்ல பாம்புச் சட்டை. ஆடு இரண்டு பக்கமும் நின்று தழை கடிக்கும். எங்கள் கொறங்காட்டு மாடு அந்தப் பக்கம் போகாது, அதற்குத்தான் வேலி. ஆனால் பெரியம்மா கருவேப்பிலை கேட்டால் வேலிக்கு மேலே கை நீளும். பொங்கலுக்குப் பண்டம் அதே வழியில் போய்வரும். கிணற்றுப் பிரச்சினையில் இரண்டு வீடும் பேசாமல் இருந்த ஆறு வருடமும் அம்மாவும் பெரியம்மாவும் வேலியிடம் பேசினார்கள். யாரையும் பார்த்துப் பேசவில்லை. "உப்பு தீந்து போச்சு" என்று ஒருவர் செடியைப் பார்த்துச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் உப்பு வந்துவிடும்.

சித்தப்பாக்கள் தங்கள் பங்கில் கிளுவையை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். வேலி பிடித்திருந்த இடத்தில் நிலம் கூடிற்று, தென்னை ஒரு வரிசை சேர்த்து வைக்க முடிந்தது. குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் வேலி மட்டும் நின்றதற்குக் காரணம் பாசமெல்லாம் இல்லை. கம்பிச் செலவில் பாதி கொடுக்க இரண்டு வீட்டுக்கும் மனசில்லை.

போன தை மாதம் அளக்க வந்தார்கள். பெரியப்பா மகனுக்குத் தனிப்பட்டாவில் ஏதோ வித்தியாசம், வங்கிக் கடன் நிற்கிறது. அந்த வேலையைச் செய்கிறவளே நான் என்பதால் நானும் போயிருந்தேன். சர்வேயர் கருவியை நிறுத்தி, பழைய அளவுக்கல்லைத் தேடி, புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "வேலிக்கு இந்தப் பக்கம் உங்களுது, அந்தப் பக்கம் அவங்களுது. சரிங்க. வேலி யாருது? படத்துல கோடுதானுங்களே இருக்குது, அகலம் இல்லையே." பத்திரத்தைக் காட்டினேன். 'பொதுவில்' என்பதை இரண்டு முறை வாசித்தார். நடுவில் கோடு பிடித்து ஆளுக்கு ஒன்றரை முழம் சேர்த்துக்கொண்டால் கணக்கு சுத்தமாக வரும் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

சின்ன அத்தை அன்றைக்கு ஊரில்தான் இருந்தார். முட்டி வலிக்கு யாரோ பிரண்டைத் துவையல் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் கல்லுக்குக் கல் கயிறு பிடித்துக்கொண்டிருக்கையில், துணிப் பையும் சின்னக் கத்தியுமாக வந்து வேலிக்குள் பாதி உடம்பை நுழைத்து இளம் பிரண்டையாகப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அங்க கயிறு போகுதுங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்றார் அண்ணன்.

"இருடா, இன்னும் நாலு கணு" என்றார் அத்தை.

சர்வேயர் கருவியை அணைத்துவிட்டு, டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார்.